ஊரைக் கூட்டாமலும் ஒரு பிழையைத் தீர்க்கலாம்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியிலிருந்து கதைக்கிறேன். பின்னால் மோட்டர் சத்தம் கேட்டால் குறை நினைக்காதீர்கள், பக்கத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறார்கள்.

இன்றைக்கு எந்த இடத்தையும் சுற்றிக் காட்டப் போவதில்லை. மனதை அரித்துக்கொண்டிருக்கிற ஒரு விஷயத்தைக் கதைக்க வேண்டும். எங்கள் பக்கத்து முகநூல் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. யாரோ ஒருவரின் கல்யாண வீட்டுப் படத்திலிருந்து ஒரு அம்மாவின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, ஊர் பேரோடு, "சீட்டுக்காசை ஏப்பம் விட்டவர், அதிகம் பகிருங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். வெட்டின அவசரத்தில், பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளையின் பாதி முகமும் வந்துவிட்டது. தலையில் கனகாம்பரம், ஒரு கண், அரைவாசிச் சிரிப்பு. அந்தப் பிள்ளையும் நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். கீழே கொமெண்ட் எழுதுகிறவர்களில் பலர் அந்த அம்மாவை வாழ்நாளில் கண்டிருக்க மாட்டார்கள். கடல் கடந்து இருந்துகொண்டு அவருடைய நடத்தை, செத்துப்போன புருசன், வளர்ப்பு எல்லாவற்றையும் இழுக்கிறார்கள்.

காசு உண்மையிலேயே போயிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. சீட்டுக் கட்டினவர்களும் எங்கள் சனம்தான். கச்சான் விற்று, தையல் தைத்து, கூலிக்குப் போய்ச் சேர்த்த காசு. அது அவர்களுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். ஆனால் அந்தப் படம் சுற்றி ஒரு ரூபாயாவது திரும்பி வந்ததா? வீட்டுப் படலை பூட்டிக் கிடக்கிறது என்றுதான் கேள்விப்படுகிறேன்.

நான் வேதக்காரன். அதனால் வேதத்திலிருந்தே கதைக்கிறேன். மத்தேயு நற்செய்தி பதினெட்டாம் அதிகாரத்தில் இயேசு இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். உன் சகோதரன் உனக்குக் குற்றம் செய்தால், முதலில் நீயும் அவனும் தனியாக இருக்கும்போது போய்ச் சொல்லு. கேட்காவிட்டால் இன்னும் ஒருவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல்லு. நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலிலேயே உலகத்துக்குச் சொல்லிவிடுகிறோம், கடைசி வரைக்கும் அந்த ஆளிடம் போவதில்லை. சபைக்கும் கேட்காதவனை வரி வசூலிக்கிறவனைப் போல நினைத்துக்கொள் என்று இயேசு சொல்லும்போது, சிலர் "பார்த்தீர்களா, ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்" என்கிறார்கள். சரி, வரி வசூலிக்கிறவர்களோடு இயேசு எப்படி நடந்துகொண்டார் என்று பாருங்கள்.

எரிகோ ஊரில் சக்கேயு. வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், சனத்தின் காசில் பணக்காரனானவன். குள்ளமான ஆள், கூட்டத்துக்குள் இயேசுவைப் பார்க்க முடியாமல் காட்டு அத்திமரத்தில் ஏறிக்கொண்டான். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், முழு எரிகோவும் சேர்ந்து அவனை மரத்திலிருந்து இழுத்து விழுத்தியிருக்கும். இயேசு அண்ணாந்து பார்த்து அவனுடைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கெதியாக இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்றார். சனம் முணுமுணுத்தது. அதற்குப் பிறகுதான் சக்கேயு எழும்பி நின்று, என் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், யாரையாவது ஏமாற்றியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்கிறான். இந்த ஒழுங்கை வடிவாகக் கவனியுங்கள். முதலில் வீட்டுக்கு வருகிறார், பிறகு காசு திரும்புகிறது. ஒருவரும் அவனைத் திட்டிக் காசு வாங்கவில்லை. கிருபை என்று நாங்கள் சொல்கிறது இதைத்தான். அது கடனை மறைக்கவில்லை. கடனைத் திருப்பிக் கொடுக்கிற தெம்பை அவனுக்குக் கொடுத்தது.

திருச்சபைக்குள்ளும் இந்தப் பிரச்சினை வந்திருக்கிறது. இத்தாலியில் சில இடங்களில், மனம் வருந்தி வருகிறவர்களின் பாவங்களை எழுதி வாங்கி, சபைக்கு முன்னால் வாசிக்கிற வழக்கம் இருந்தது. 459ஆம் ஆண்டு பாப்பரசர் பெரிய லியோ ஆயர்களுக்குக் கடிதம் எழுதி அதை நிற்பாட்டச் சொன்னார். குருவிடம் இரகசியமாகச் சொன்னால் போதும் என்றார். காரணமும் எழுதினார்: வெட்கத்தாலும், தங்கள் செயல்கள் எதிரிகளுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தாலும் சனம் மருந்தை விட்டே ஓடிவிடும் என்று. ஆயிரத்தைந்நூறு வருசத்துக்கு மேல் ஆகிறது. பூட்டின படலைக்குப் பின்னால் இருக்கிற அந்த அம்மாவுக்காகவே எழுதினது போல இருக்கிறது.

மடு மாதா கோயிலுக்கு ஆவணித் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனம் கேட்க, அதாவது சனம் தங்கள் பாவங்களைச் சொல்லக் கேட்க, மரத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் பாதர் இருப்பார், கழுத்தில் ஊதாப் பட்டி. சனம் கொஞ்சம் தள்ளி வரிசையில் நிற்கும், காதில் விழக்கூடாது என்று. பாதர் தலையைக் குனிந்து காதை மட்டும் கொடுப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். தமிழ்ச் சனம், சிங்களச் சனம், கடலுக்குப் போகிறவர், கந்தோரில் வேலை செய்கிறவர் எல்லோரும் ஒரே புழுதியில் முழங்காலில். அங்கே சொன்னதைப் பாதர் வெளியே சொன்னால் திருச்சபைச் சட்டப்படி அவரே திருச்சபைக்கு வெளியே. ஒரு மனிசனுடைய பிழைக்கு அவ்வளவு மரியாதையான காவல்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மன்னிப்பு என்ற சொல்லை வைத்து அநியாயத்தை மூடுகிறவர்கள் இருக்கிறார்கள், கோயிலுக்குள்ளும் இருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் மேல் யாராவது கை வைத்தால் அது தனியாகக் கதைத்து முடிக்கிற விஷயம் இல்லை. அன்றைக்கே சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள், பொலிசுக்குப் போங்கள். அதே போல, 2017 மாசி மாதம் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் போராட்டத்தைத் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமாரைப் பார்த்து "மன்னித்துவிட்டுப் போங்கள்" என்று சொல்ல எந்தப் பாதருக்கும் எந்தப் பாஸ்டருக்கும் உரிமை இல்லை. அவர்கள் ஒருவரையும் அவமானப்படுத்தவில்லை. தங்கள் பிள்ளை எங்கே என்று அதிகாரத்திடம் கேட்கிறார்கள். பதில் சொல்லாதவர்களை எப்படி மன்னிப்பது? அதிகாரத்தில் இருக்கிறவனைத் தெருவில் நின்று கேள்வி கேட்பது வேறு, ஒரு கைம்பெண்ணின் படத்துக்குச் சிவப்பு வட்டம் போடுவது வேறு.

வன்னியில் இருக்கிற நாங்கள் இதை மற்ற ஆட்களை விடக் கூட விளங்கிக்கொள்ள வேண்டும். 2009இல் கடைசிப் போரில் மாத்தளன், முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய், செட்டிகுளம் முகாமுக்குள் இருந்து திரும்பி வந்த சனம் நாங்கள். பங்கருக்குள் இடமில்லை என்று சொன்னவரும், அந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்பிப் போனவரும் இன்றைக்கு ஒரே கோயிலில் பூசை காண்கிறார்கள். யார் யாரிடம் என்ன வாங்கினார்கள், யார் யாரை விட்டுவிட்டு ஓடினார்கள், புனர்வாழ்வு முகாமில் யார் என்ன சொன்னார்கள், எல்லாம் ஊருக்குள் தெரியும். அதற்குப் பிறகும் ஒருவர் வீட்டுச் செத்தவீட்டுக்கு மற்றவர் போய்ப் பந்தல் போடுகிறார். அதைச் செய்யத் தெரிந்த சனத்துக்கு, போனைத் தூக்கினவுடனே இன்னொருவனைத் துரோகி என்று எழுத எப்படி மனம் வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. அந்த ஒரு சொல் ஒரு மனிசனைக் கடைத்தெருவுக்கு வர விடாமல் செய்கிறது. பொய் என்று பிறகு தெரிந்தாலும் அழிகிறதில்லை.

என்னைப் போலக் காணொளி போடுகிற தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு உறவுகள் அனுப்புகிற காசைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது கமராவை முகத்துக்கு நேரே பிடித்து, "ஏன் உங்களுக்கு இத்தனை பிள்ளைகள், புருசன் எங்கே போனவர்" என்று கேட்காதீர்கள். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் வேதத்தில் இருக்கிறது. கணக்குக் காட்ட வேண்டும் என்றால் பற்றுச்சீட்டைக் காட்டுங்கள். அழுகிற முகம் கணக்கு இல்லை.

அந்தச் சீட்டுக்காசு விஷயத்துக்கு வருகிறேன். காசு கொடுத்த அக்காமாரே, உங்களில் இரண்டு பேர் ஒரு பின்னேரம் அவருடைய வீட்டுக்குப் போங்கள். எவ்வளவு, எத்தனை மாதத்தில் என்று கதையுங்கள். சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிற சபை. காசுப் பிணக்குகளைப் பார்ப்பார்கள், இரண்டு பக்கத்தையும் இருத்தி வைத்துத் தவணை பேசி எழுதித் தருவார்கள். சட்டத்தரணி தேவையில்லை. கிராம அலுவலரிடம் கேட்டால் எங்கே, எப்போது கூடுகிறார்கள் என்று சொல்லுவார்.

அந்தப் படம் உங்கள் குழுவில் இருந்தால், குழுவை நடத்துகிறவர் தயவுசெய்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்தப் பிள்ளையின் முகமும் அதில் இருக்கிறது. எடுத்துவிட்டேன் என்று எனக்கு அறிவிக்கத் தேவையில்லை.