கத்தி எடுக்கும் முன்பே

மேடையில் உள்ள பேராசிரியர்களுக்கு வணக்கம். முன்வரிசையில் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருக்கும் பி.ஜி. மாணவர்களுக்கும் வணக்கம். நேற்று இரவு டியூட்டி என்று முகமே சொல்கிறது, கத்தி எடுக்கும் முன்பே அறுவையின் முடிவுகளை மனதில் பழகுவதைப் பற்றிச் சுருக்கமாகவே பேசுகிறேன்.

தொடை எலும்பு முறிந்தால் எலும்புக்குள்ளேயே ஆணி செலுத்துகிறோம். 1939-இல் ஜெர்மனியில் குன்ட்ஷர் தொடங்கிவைத்த வழி இது. பார்ப்பவர்களுக்குச் சுத்தியலும் ட்ரில்லும்தான் தெரியும். உண்மையில் கையைவிட மூளைக்குத்தான் வேலை அதிகம்.

ஆணிக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பியான கைடு வயர் நுழையும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தியேட்டரிலேயே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்மில் நேர்ப்படம் அழகாக இருக்கும். உடனே ட்ரில்லை ஓட்டக் கை பரபரக்கும். பக்கவாட்டுப் படம் எடுத்தால்தான் வயர் முன்பக்கம் தள்ளி நிற்பது தெரியும். அப்படியே ஆணியை அடித்தால் எலும்பின் மேல்பகுதி பிளந்துவிடலாம். எந்தப் படத்தை எப்போது கேட்பது, எதைக் கண்டால் நிறுத்துவது? சீனியரைக் கேட்டால், "போகப் போக வந்துடும்பா" என்பார். அவர் ஒளிக்கவில்லை. பழகிப் பழகி, தான் முடிவெடுப்பதே அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் அந்தச் சீனியர்களைத்தான் பிடித்து உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு படியிலும் என்ன முடிவு, எங்கே தவறு வரும், வந்தால் எப்படிச் சரிசெய்வது என்று துருவித் துருவிக் கேட்டுப் பயிற்சியாக்கினார்கள். தொடை ஆணிக்கும் செய்தார்கள், மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பிக்கும் செய்தார்கள். இதில் பயின்ற மாணவர்கள், வழக்கமான முறையில் படித்தவர்களைவிட, நிஜ அறுவைபோல் பழகவைக்கும் சிமுலேட்டர் கருவியில் நன்றாகச் செய்தார்கள். டச் சர்ஜரி என்ற போன் செயலியும் இதே வழிதான்: விரலால் படிப்படியாக அறுவையை நடத்த வேண்டும், இடையிடையே முடிவையும் கேட்கும்.

எலும்பின் உள்ளே குடையும் ரீமர் உள்சுவரை உரசும்போது கையில் ஏறும் அதிர்வைப் போன் தராது. அதற்கு ஆபரேஷன் தியேட்டர்தான். ஆனால் அடுத்து என்ன என்று விழித்துக்கொண்டு நிற்பவருக்கு அந்த அதிர்வைக் கவனிக்க ஏது நேரம்?

கோடிக்கணக்கில் சிமுலேட்டர் வாங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நாளைய கேஸை இன்றிரவே இரண்டு பேர் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் குறுக்கே கேளுங்கள்: "முறிந்த எலும்பு முறுக்கிக்கொள்ளாமல் சேர்ந்திருக்கிறதா, சுழற்சி சரியா என்று எதை வைத்துச் சொல்வாய்?" நல்ல காலின் முழங்கால் சில்லை நேராக வைத்து, தொடை எலும்பின் மேல்பகுதியில் உள்ள சிறு முண்டான லெஸ்ஸர் ட்ரோகான்டரை, ஒப்பிட்டுப் பார்க்கப் படமெடுத்து வைத்திருக்க வேண்டும். கிருமி நீக்கிய துணியான டிரேப் போடுவதற்கு முன்பே. போட்ட பிறகு ஞாபகம் வந்தால், சிஸ்டர் பார்க்கும் பார்வை இருக்கிறதே... சரி, கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.