இரண்டு நாள் காபிக் காசு

நேயர்களுக்கு வணக்கம். அடிபட்டவருக்கு எவ்வளவு நஷ்டஈடு? ஆஸ்பத்திரி பில்லைக் கூட்டிக் கொடுக்கலாம், சரி. வலிக்கு என்ன பில்? அமெரிக்காவில் இதைப் பெரும்பாலும் ஜூரிகள், அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல அழைக்கப்படும் சட்டம் படிக்காத சாதாரண மக்கள்தான் முடிவு செய்கிறார்கள். விலைப்பட்டியல் எதுவும் கிடையாது. நியாயமான தொகையாக இருக்க வேண்டும் என்று நீதிபதி சொல்லி அனுப்புவார், அவ்வளவுதான்.

1992இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகரில், 79 வயதுப் பாட்டி ஒருவர் நின்றுகொண்டிருந்த காரில் உட்கார்ந்தபடி மெக்டொனால்ட்ஸ் காபியை முழங்கால்களுக்கு நடுவே வைத்து மூடியைத் திறந்தார். 49 சென்ட் காபி. மடியில் கொட்டிவிட்டது. போட்டிருந்த துணி அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ள, தொடை வெந்துபோய், வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டியதாயிற்று. அவர் கேட்டது 20,000 டாலர். நிறுவனம் தர முன்வந்தது 800.

1994இல் வழக்கு ஜூரியிடம் வந்தது. காபி கொட்டியதற்கெல்லாம் ஒரு கேஸா என்ற சலிப்போடுதான் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். புண்ணின் படங்களைக் காட்டினார்கள். பத்து ஆண்டுகளில் இப்படி 700க்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருந்ததும் தெரிந்தது. சலிப்பு கோபமாக மாறியது.

காயத்துக்கு 2 லட்சம் டாலர் என்றார்கள். பாட்டி மேலும் 20 சதவீதம் தவறு என்று கழித்து 1,60,000 ஆக்கினார்கள். அதற்கு மேல் தண்டனையாக 27 லட்சம்! இந்த எண் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஒன்றிரண்டு நாள் காபி விற்பனைப் பணத்தைக் கட்டச் சொல்லுங்கள் என்று பாட்டியின் வக்கீல் கேட்டிருந்தார். ஒரு நாள் விற்பனை சுமார் 13.5 லட்சம். இரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

பிடிமானம் இல்லாத இடத்தில் காதில் விழுந்த எண்ணைத்தான் மனசு பிடித்துக்கொள்கிறது என்பேன். வக்கீல்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஜூரிகளுக்கு இன்னொரு குறுக்குவழியும் உண்டு. ஆளுக்கொரு தொகை எழுதி, கூட்டி, தலைக்கணக்கில் வகுப்பது. வருகிற விடையே தீர்ப்பு என்று முன்பே பேசி வைத்துக்கொண்டால் தீர்ப்பு செல்லாமல் போகலாம். வகுத்த பிறகு உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டால் தப்பில்லை. மெல்லிய கோடுதான், சாத்திய கதவுக்குப் பின்னால் நடப்பதை யார் கண்டார்கள்?

காபி வழக்கில் அந்த 27 லட்சத்தை நீதிபதி 4,80,000 ஆகக் குறைத்தார். அதுவும் காயத்துக்கான தொகையைப் போல மூன்று மடங்கு, இன்னொரு பெருக்கல். பிறகு இரு தரப்பும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். எவ்வளவுக்கு என்று வெளியே சொல்லவில்லை.