பத்து அணி, ஒன்பது ஆட்டம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். ஃபுட்பால் என்று இன்று நான் சொல்லப்போவது, தலைக்கவசம் அணிந்து நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க விளையாட்டை. அதிலும் பல்கலைக்கழகங்கள் சனிக்கிழமைதோறும் ஆடும் ஆட்டத்தை. இந்தப் பல்கலைக்கழகங்கள் தனித்தனியாக ஆடுவதில்லை. கான்ஃபரன்ஸ் என்று அழைக்கப்படும் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து, பெரும்பாலான ஆட்டங்களைத் தங்களுக்குள் ஆடுகின்றன. தேர்தல் நெருங்கும்போது நம் ஊர்க் கட்சிகள் கூட்டணி மாறுவதைப் போல இந்த அணிகளும் அண்மைக் காலத்தில் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. எந்தக் கூட்டமைப்பு பலமானது என்ற பழைய வாதத்தை அந்த மாற்றங்கள் என்ன செய்துவிட்டன என்பதைப் பற்றி, பாதிக்கப்பட்ட ஒரு ரசிகனாகப் பேசுகிறேன். நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

நான் முதுகலை படிக்க வந்து சேர்ந்த ஊர் புல்மன். வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், பலூஸ் என்னும் கோதுமைக் குன்றுகளுக்கு நடுவில் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகம் வாஷிங்டன் ஸ்டேட். சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகம் எங்களுக்குப் பங்காளி. பங்காளி என்ற சொல்லுக்குத் தமிழில் உள்ள இரண்டு பொருளிலும் பங்காளி. இரண்டு ஊர்களுக்கும் இடையே 300 மைலுக்குச் சற்றுக் குறைவான தூரம். 1900 முதல் நடந்துவரும் இந்தப் பங்காளிச் சண்டைக்கு ஆப்பிள் கப் என்று பெயர்.

2008 நவம்பரில் அந்த ஆட்டம் புல்மனில் நடந்தது. சியாட்டில் அணி அதுவரை ஆடிய பத்து ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. நாங்கள் பதினொன்றில் ஒன்றை மட்டும் வென்றிருந்தோம். நாட்டிலேயே மோசமான இரண்டு அணிகள் என்று பத்திரிகைகள் கிண்டல் செய்தன. என் பக்கத்து இருக்கையில் கோதுமை பயிரிட்டு ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பர்ஸிலிருந்து மடங்கி மடங்கிக் கிழியும் நிலையில் இருந்த ஒரு சின்ன அட்டையை எடுத்துக் காட்டினார். அந்த ஆண்டின் ஆட்ட அட்டவணை அது. எங்கள் கூட்டமைப்பின் பெயர் அப்போது பேக்-10. பத்து அணிகள், ஆளுக்கு ஒன்பது ஆட்டங்கள். ஒருவரும் ஒருவரிடமிருந்தும் தப்ப முடியாது என்று சொல்லி, ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் பென்சிலால் தாம் எழுதிவைத்திருந்த ஸ்கோர்களை விரலால் தொட்டுக் காட்டினார். நாங்கள் இரண்டாவது கூடுதல் சுற்றில், பந்தைக் காலால் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பும் ஒரு ஃபீல்ட் கோலில், 16-13 என்று வென்றோம். அந்தக் குளிரில் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அந்த அட்டையில் நான் பிற்பாடு புரிந்துகொண்ட கணக்கு ஒன்று ஒளிந்திருந்தது. பத்து அணிகள் தங்களுக்குள் ஆடினால் 45 ஆட்டங்கள். 45 வெற்றி, 45 தோல்வி. அணிகள் அனைத்தும் சூரர்களாக இருந்தாலும் சோப்ளாங்கிகளாக இருந்தாலும் இந்தக் கூட்டுத்தொகை மாறாது. ஆகவே உள்ளுக்குள் நடக்கும் ஆட்டங்களைக் கொண்டு ஒரு கூட்டமைப்பின் பலத்தை அளக்கவே முடியாது. மிஞ்சும் மூன்று வெளி ஆட்டங்களும், பருவத்தின் கடைசியில் அழைப்பின் பேரில் ஆடும் பௌல் ஆட்டங்களும்தான் அளவுகோல். அந்த அளவுகோலும் எத்தனை வளையும் என்பதற்கு அதே 2008 சான்று. செப்டம்பரில் யூட்டா பகுதியைச் சேர்ந்த பிரிகம் யங் பல்கலைக்கழகம் எங்கள் கூட்டமைப்பின் யூசிஎல்ஏவை 59-0 என்று நசுக்கியது. எங்கள் அணிகள் பல, மவுண்டன் வெஸ்ட் என்னும் சிறிய கூட்டமைப்பிடம் அடிவாங்கித் திரும்பின. இவர்கள் இந்த ஆண்டு தேறமாட்டார்கள் என்று தீர்ப்பும் எழுதப்பட்டது. பருவத்தின் முடிவில் பௌல் ஆட்டங்களுக்குச் சென்ற பேக்-10 அணிகள் ஐந்தும் வென்றன. செப்டம்பர் தீர்ப்பு சரியா, ஜனவரித் தீர்ப்பு சரியா?

தெற்கே எஸ்இசி எனப்படும் சவுத்ஈஸ்டர்ன் கூட்டமைப்பின் ரசிகர்கள் தங்கள் கூட்டமைப்பின் மூன்று எழுத்துகளையே கோஷமாக முழங்குவார்கள். 2006 முதல் 2012 வரை தொடர்ந்து ஏழு தேசியப் பட்டங்களை அந்தக் கூட்டமைப்பு வென்றிருப்பதால், அந்த முழக்கத்துக்கு ஆதாரம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் புகழ் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் விதத்தைக் கவனியுங்கள். பருவம் தொடங்கும் முன்பே தரவரிசையில் ஏற்றிவைக்கப்பட்ட அணியை வென்றவனுக்குப் பெருமை. அதனிடம் தோற்றவனுக்கோ, வலுவான அணியிடம்தானே தோற்றான் என்ற சலுகை. வடமேற்கு மூலையில், கிழக்குக் கடற்கரை தூங்கப்போன பிறகு ஆடும் எங்களுக்கு அந்தச் சலுகை கிடைத்ததே இல்லை.

களத்தில் அளக்கும் பலத்தைப் பற்றி இதுவரை சொன்னேன். காசு கொடுப்பவர்கள் அளக்கும் பலம் வேறு. 1984 வரை எந்த அணியை எத்தனை முறை தொலைக்காட்சியில் காட்டலாம் என்பதை என்சிஏஏ என்னும் தேசிய அமைப்பே தீர்மானித்தது. அந்த ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஓக்லஹோமா பல்கலைக்கழகத் தரப்பு தொடுத்த வழக்கில், அந்தக் கட்டுப்பாடு சட்டவிரோதம் என்று 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. (மாறுபட்டுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி பைரன் ஒயிட், கொலராடோ பல்கலைக்கழகத்துக்காக ஆடிய ஃபுட்பால் வீரர் என்பது ஒரு சுவையான செய்தி.) அன்று முதல் ஒளிபரப்பு உரிமை தனியார் சந்தைக்கு வந்தது. டெக்சஸ் அணிகளை மையமாகக் கொண்ட சவுத்வெஸ்ட் கூட்டமைப்பு 1996இல் கலைந்தது. பிக் டென் கூட்டமைப்பு 2014இல் மேரிலாண்டையும் ரட்கர்ஸையும் சேர்த்தபோது, அவர்களின் ஆட்டத்திறனைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. வாஷிங்டன் நகரத்தையும் நியூயார்க்கையும் சுற்றியுள்ள கேபிள் இணைப்பு வீடுகளைப் பற்றித்தான் பேசினார்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். 1915 டிசம்பரில் போர்ட்லண்டில் வாஷிங்டன், ஓரிகன், கலிஃபோர்னியா, இன்று ஓரிகன் ஸ்டேட் எனப்படும் வேளாண் கல்லூரி ஆகிய நான்கும் கூடித் தொடங்கிய எங்கள் முன்னோடி அமைப்பு, ஊழல் குற்றச்சாட்டுகளால் 1959இல் கலைந்தது. பெரிய நகரத்துப் பல்கலைக்கழகங்கள் புதிய அமைப்பைத் தொடங்கி எங்களை வெளியே நிறுத்தின. வாஷிங்டன் ஸ்டேட்டை 1962இல்தான் உள்ளே விட்டார்கள், ஓரிகன் பல்கலைக்கழகங்கள் இரண்டையும் 1964இல். ஆகவே கைவிடப்படுவது எங்கள் ஊருக்குப் புதிதன்று.

2011இல் கொலராடோவும் யூட்டாவும் சேர்ந்து பன்னிரண்டு ஆனோம். மறு ஆண்டே சொந்தத் தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கினோம். அதை டைரக்ட்டிவி என்னும் செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனம் கடைசி வரை எடுக்கவில்லை. அதில் வந்த எங்கள் ஆட்டங்களை நாட்டில் பலரால் பார்க்கவே முடியாமல் போயிற்று. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. அந்த ஆகஸ்டில் பிக் டென் கையெழுத்திட்ட ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல். அக்டோபரில் பிக் 12 என்னும் இன்னொரு கூட்டமைப்பு எங்களை முந்திக்கொண்டு தன் ஒப்பந்தத்தை முடித்தது. எங்கள் நிர்வாகம் மாதக்கணக்கில் கடை கடையாக ஏறி இறங்கிக் கடைசியில் கொண்டுவந்தது, சந்தாதாரர் எண்ணிக்கையைப் பொறுத்துத் தொகை கூடும் என்ற ஆப்பிள் நிறுவனத்தின் யோசனையை. 2023 ஜூலையில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4 அன்று, மிச்சமிருந்தவர்கள் கையெழுத்திடுவார்கள் என்று எதிர்பார்த்திருந்த காலையில், வாஷிங்டனும் ஓரிகனும் பிக் டென்னுக்குப் போயின; அங்கே முழுப் பங்குகூட இல்லை, ஏறக்குறையப் பாதிதான். அன்றே அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12க்குச் சென்றன. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தன. பசிஃபிக் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர்களுக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும் என்று கேட்காதீர்கள். பிக் டென்னில் இன்று பதினெட்டு அணிகள், பிக் 12இல் பதினாறு.

பந்தி முடிந்தபோது இலை இல்லாமல் நின்றவர்கள் இரண்டே பேர்: ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட்.

வேதனை என்னவென்றால், கலைந்துகொண்டிருந்த அந்த 2023 பருவத்தில்தான் எங்கள் கூட்டமைப்பு பல ஆண்டுகளில் காணாத பலத்தோடு இருந்தது. வாஷிங்டன் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல், லாஸ் வேகஸ் இறுதியாட்டத்தில் ஓரிகனை 34-31 என்று வென்று, தேசிய இறுதியாட்டம் வரை சென்றது. அங்கே மிச்சிகனிடம் 34-13 என்று தோற்றது. களத்து அளவுகோலும் சந்தை அளவுகோலும் இவ்வளவு தூரம் விலகி நின்றதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பெரிதாகிவிட்ட கூட்டமைப்புகளாவது பலத்தைத் தெளிவாகக் காட்டுகின்றனவா என்றால், அதுவும் இல்லை. பதினெட்டு அணிகளில் ஒன்று, மற்ற பதினேழில் ஒன்பதை மட்டுமே சந்திக்கிறது. 2024இல் இண்டியானா பதினொரு ஆட்டங்களை வென்றது. ஆனால் தன் கூட்டமைப்பின் உச்சியில் இருந்த ஓரிகனையும் பென் ஸ்டேட்டையும் சந்திக்கவே இல்லை. அந்த அணி தேசியச் சுற்றுக்குத் தகுதியானதா என்று வாரக்கணக்கில் சண்டை நடந்தது. பெரியவரின் அட்டை இருந்திருந்தால் அந்தச் சண்டைக்கு இடமே இருந்திருக்காது. 2025 புத்தாண்டு நாளில் ரோஸ் பௌல் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தேன். பிக் டென் ஒரு பக்கம், பசிஃபிக் கடற்கரை மறுபக்கம் என்று 1947 முதல் வழிவழியாக நின்ற ஆட்டம் அது. ஒஹையோ ஸ்டேட், ஓரிகனை 41-21 என்று வென்றது. இரண்டும் பிக் டென் அணிகள். யாருக்கு எதிராக யாரைப் பாராட்டுவது என்று தெரியாமல் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன்.

மாற்றத்தால் நன்மையே இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். டெக்சஸும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் 2011க்குப் பிறகு ஆடாமலிருந்த ஆட்டம், இருவரும் எஸ்இசியில் ஒன்றுசேர்ந்ததால்தான் 2024இல் திரும்பியது. எங்கள் கையும் சுத்தமில்லை. விட்மன் கவுண்டி நீதிமன்றத்தில் வழக்காடி, கூட்டமைப்பின் பெயரையும் நிர்வாகத்தையும் காப்பாற்றிக்கொண்ட ஓரிகன் ஸ்டேட்டும் நாங்களும், மறு ஆண்டே மவுண்டன் வெஸ்ட்டிலிருந்து பாய்ஸி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் ஆகிய ஐந்து அணிகளை இழுத்துக்கொண்டோம். எங்களுக்கு நேர்ந்ததை அவர்களுக்குச் செய்தோம். பிறகு டெக்சஸ் ஸ்டேட்டும் சேர, 2026க்கு எட்டு அணிகள் ஆகின. ஒவ்வொன்றும் மற்ற ஏழையும் சந்திக்கப் போதுமான எண்ணிக்கை. இந்தப் புதிய அமைப்பைப் பலமானது என்று எந்தத் தொலைக்காட்சியும் சொல்லப்போவதில்லை. ஆனாலும் அட்டவணையைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பென்சில் குறிப்புகள் நினைவுக்கு வந்தன.

ஆப்பிள் கப் சாகவில்லை. 2028 வரை ஆடுவதாக இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொண்டன. நவம்பர்ப் பனியிலிருந்து செப்டம்பர் வெயிலுக்கு மாறிவிட்டது. 2024 செப்டம்பர் 14 அன்று சியாட்டிலின் லூமன் ஃபீல்டில் 24-19 என்று நாங்கள் முன்னே இருந்தோம். ஏறக்குறைய ஒரு நிமிடம் மிச்சமிருக்க, எங்கள் கோட்டுக்கு ஒரே கஜத்தில், கடைசி வாய்ப்போடு பந்து அவர்கள் கையில். ஓரமாக ஓடிப் பார்த்தார்கள். எங்கள் பிள்ளைகள் மறித்துச் சாய்த்தார்கள். கூட்டமைப்புப் பட்டியல் எதிலும் அந்த வெற்றி சேராது. என் பர்ஸில் இருக்கும் அட்டையில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.