ஜப்பான் ஜீப்பை வரவழைக்கும் முன்: அடிப்பாகமும் தேதியும்

நேயர்களுக்கு வணக்கம்.

லேண்ட் குரூசர், பஜேரோ, டெலிகா, ஹைலக்ஸ் சர்ஃப், ஜிம்னி. ஜப்பானிலிருந்து பழைய ஜீப் ஒன்றை, சாலையில் வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ வரவழைக்க வேண்டும் என்ற ஆசை வந்தவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்குமே, ஓட்ட முடியுமா?" முடியும். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். பழகவே பழகாத விஷயங்கள் வேறு இருக்கின்றன. சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், ஏறிய துரு, காகிதத்தில் தவறிய தேதி, வலப்பக்க வண்டிக்கென்றே செய்த உதிரி பாகம். பெரும்பகுதி நேரத்தை இவற்றுக்கே செலவிடப் போகிறேன்.

தேதியிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவில் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் வண்டிக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும். புகை விதிகளுக்கு 21 வயது போதும், ஆனால் இன்ஜின் மாற்றப்படாமல் பழைய நிலையிலேயே இருக்க வேண்டும். கனடாவில் 15 வயது. இரண்டு நாடுகளிலும் வயதைத் தயாரான மாதத்திலிருந்து எண்ணுவார்கள். விற்பவர் சொல்லும் 'மாடல் வருஷ'த்துக்கு இங்கே மதிப்பில்லை. வண்டி துறைமுகத்தில் நுழையும் நாளில் வயது நிறைந்திருக்க வேண்டும், வாங்கிய நாளில் அல்ல.

சிக்கல் என்னவென்றால், ஜப்பானின் ஏற்றுமதிச் சான்றிதழில் பொதுவாக முதல் பதிவு மாதம்தான் இருக்கும், தயாரான மாதம் இருக்காது. முதல் பதிவு எப்போதும் தயாரிப்புக்குப் பிறகுதான் நடக்கும். ஆகவே முதல் பதிவிலிருந்தே 25 வருஷம் கடந்திருந்தால் கவலையில்லை. வயது வரம்பின் விளிம்பில் நிற்கும் வண்டி என்றால், சேஸிஸ் எண்ணை வைத்து தயாரிப்பு மாதத்தை நிறுவ வேண்டும். சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் துணிச்சீட்டும் உதவும், ஏனெனில் அதில் பெல்ட் தயாரான தேதி இருக்கும். ஆனால் அது துணைச் சாட்சி மட்டுமே. தேதிகள் ஜப்பானிய ஆண்டு முறையில், பேரரசர் காலத்தின் பெயரோடு எழுதப்பட்டிருக்கும். ஹெய்செய் ஆண்டோடு 1988 கூட்டுங்கள்: ஹெய்செய் 8 என்றால் 1996. ரெய்வா என்றால் 2018 கூட்டுங்கள். ஏற்றுமதிச் சான்றிதழுக்கு ஆயுள் ஆறு மாதம். அதற்குள் வண்டி கப்பல் ஏறிவிட வேண்டும். அப்புறம், ஜப்பான் வண்டிகளில் 17 எழுத்து எண் கிடையாது. 'எச்டிஜே81' போன்ற முன்னொட்டும் அதன் பின் வரிசை எண்ணும் சேர்ந்ததுதான் சேஸிஸ் எண். பதிவு அலுவலகக் கணினியும் காப்பீட்டு நிறுவனமும் இதைப் பார்த்துத் திகைப்பது வழக்கம். ஜப்பானில் வண்டியை ஏலத்தில் கேட்கும் முன்பே, அந்த எண்ணை ஏற்கும் காப்பீட்டாளரைக் கண்டுபிடித்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழங்கால வண்டிகளுக்கான காப்பீடு, மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வகை, பெரும்பாலும் பொருந்தும்.

அமெரிக்காவுக்கு வருகிறது என்றால் பாதுகாப்பு விதிகளுக்கான எச்எஸ்-7 படிவத்தில் முதல் கட்டம், புகை விதிகளுக்கான 3520-1 படிவத்தில் 21 வயது விலக்குக்கான குறியீடு, சுங்க நுழைவுப் படிவம் 7501 ஆகியவற்றை நிரப்ப வேண்டும். கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே இறக்குமதி முன்னறிவிப்பு பதிவாக வேண்டும். தவறினால் 5,000 டாலர் வரை அபராதம் உண்டு. சுங்க முகவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள், பதிவான அத்தாட்சியைக் கேட்டு வாங்குங்கள். கார் வகைக்கு அடிப்படை வரி 2.5 சதவீதம். பின்னால் சரக்குத் தட்டு உள்ள பிக்அப் என்றால் 25 சதவீதம், இது 1964 முதல் இருந்து வருகிறது. ஆக, ஒரே இன்ஜினும் ஒரே சேஸிஸும் உள்ள சர்ஃபுக்கும் ஹைலக்ஸ் பிக்அப்புக்கும் வரியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு வரும். 2025-இல் வரிகள் பலமுறை மாறின. அதனால் ஏலத்துக்கு முந்தைய வாரம் சுங்க முகவரிடம் அன்றைய விகிதத்தைக் கேட்டுக்கொள்வதே சரி.

இனி துரு. ஜப்பான் வண்டி என்றால் சுத்தமாக இருக்கும் என்ற நம்பிக்கை பாதி உண்மைதான். ஹொக்கைடோவிலும் தொஹோகுவிலும் குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவுகிறார்கள். நாலு சக்கர வண்டிகள் அதிகம் ஓடுவதும் அங்கேதான். ஏலத் தாளில், அதாவது ஏல நிலையம் தரும் ஆய்வுக் குறிப்பில், தரம் 4 என்று இருக்கலாம், உள்பாகம் பி என்று இருக்கலாம். அந்த எண்கள் முக்கியமாக பாடியையும் சீட்டையும் பற்றிப் பேசுபவை. அதே தாளில் உள்ள வண்டி வரைபடத்தில் ஏ என்றால் கீறல், யு என்றால் ஒடுக்கு, டபிள்யு என்றால் தட்டிச் சரிசெய்த இடம், எஸ் என்றால் துரு, சி என்றால் அரிப்பு. ஆர் தரம் என்றால் விபத்துப் பழுது பார்த்த வண்டி. இவை எல்லாம் பயனுள்ளவைதான், ஆனால் வண்டிக்கு அடியில் ஒருவர் படுத்துப் பார்த்ததற்கு ஈடாகாது.

இன்னொரு தந்திரம் தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானில் கட்டாய ஆய்வுக்கு முன் சேஸிஸுக்குக் கறுப்புப் பூச்சு அடிப்பது வழக்கம். அது ஏமாற்று வேலையாகவே இருக்க வேண்டியதில்லை, ஆனால் செதில் துருவையும் அதே பூச்சு மறைத்துவிடும். புதுக் கறுப்பில் பளபளக்கும் அடிப்பாகத்தைப் பார்த்தால் சந்தேகம் கூட வேண்டும், குறையக் கூடாது. ஜப்பானில் நீங்கள் அமர்த்தும் ஆய்வாளரிடம் இந்த இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: பின் அச்சுக்கு மேலே சேஸிஸ் வளையும் இடம், பின் குறுக்குத் துண்டு, ஸ்பிரிங் இருக்கைகள், பாடியைச் சேஸிஸோடு பிணைக்கும் பாடி மவுன்ட்கள், பிரேக் குழாய்கள். ஒவ்வொன்றையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, கிட்டத்திலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கணீரென்று ஒலித்தால் இரும்பு இருக்கிறது. மந்தமான ஒலி என்றால் உள்ளிருந்து அரித்துக்கொண்டிருக்கிறது. லேண்ட் குரூசரின் 70, 80 வரிசைகள் இரண்டிலும் முன்கண்ணாடிச் சட்டத்தைப் பாருங்கள், ரப்பருக்கு அடியில் தொடங்கும் துருவை எடுக்கக் கண்ணாடியைக் கழற்றியே ஆக வேண்டும். 80-இல் பின்கதவின் கீழ் விளிம்பு, பஜேரோவிலும் டெலிகாவிலும் பின்சக்கர வளைவின் உட்பக்கம், ஜிம்னியில் பாடி மவுன்ட்கள். துளை விழுந்த சேஸிஸை வெல்டிங் செய்யலாம் என்பது உண்மை. அந்தச் செலவில் தெற்கு ஜப்பானிலிருந்து நல்ல வண்டி ஒன்று வந்துவிடும் என்பதும் உண்மை.

டீசல் இன்ஜின்களைப் பற்றி நேராகச் சொல்கிறேன். 80 லேண்ட் குரூசரில் வரும் 4.2 லிட்டர் டர்போ, 1எச்டி-டி, அருமையான இன்ஜின். அதன் பலவீனம், பிஸ்டனை கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனை பேரிங்குகள். தேய்ந்து செம்பு தெரியும் வரை சத்தமே வராமல் இருக்கலாம், சத்தம் வந்த பிறகு கிராங்க் ஷாஃப்ட்டும் போய்விடும். பழைய ரசீது இல்லாவிட்டால் வந்தவுடன் ஆறு ஜோடி பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். ஆயில் சம்ப்பைக் கழற்றி அடியிலிருந்தே செய்யலாம், இன்ஜினை இறக்க வேண்டாம். லேண்ட் குரூசர் பிராடோவிலும் சர்ஃபிலும் வரும் 2.4 லிட்டர் 2எல்-டிஇ, 3 லிட்டர் 1கேஇசட்-டிஇ இரண்டுக்கும் சிலிண்டர் ஹெட் விரிசல் பேர்போன நோய். குளிர்ந்த இன்ஜினை இயக்கிய சில நிமிடங்களிலேயே மேல் ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, கூலன்ட் காரணமில்லாமல் குறைந்தாலோ அந்த வண்டியை விட்டுவிடுங்கள். 2.8 லிட்டர் மிட்சுபிஷி 4எம்40-யில் டைமிங் செயின். 2.5 லிட்டர் 4டி56-இல் பெல்ட், கூடவே பாலன்ஸ் ஷாஃப்ட்டுக்கு ஒரு சின்ன பெல்ட். சின்ன பெல்ட் அறுந்தால் பெரியதையும் இழுத்துக்கொண்டு போகும், ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். டேஷ்போர்டில் எரியும் டைமிங் பெல்ட் விளக்கை நம்ப வேண்டாம், அதை மீட்டமைப்பது ஒரு நிமிட வேலை.

பேட்டரி விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானியச் சந்தை டீசல் லேண்ட் குரூசர்கள் பலவற்றில் 24 வோல்ட் ஏற்பாடு உண்டு. சிலவற்றில் வண்டி முழுவதும் 24, சிலவற்றில் ஸ்டார்ட்டருக்கு மட்டும் 24. முழு 24 வண்டியில் ஃபோன் சார்ஜருக்காக ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்தால், அந்தப் பேட்டரி வடிந்துகொண்டே போகும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும், இரண்டும் சீக்கிரம் சாகும். 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் போடுவதுதான் சரியான வழி. பேட்டரி மாற்றும்போது இரண்டையும் ஒரே சமயத்தில், ஒரே வகையாக மாற்றுங்கள்.

கப்பல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரோரோ கப்பலில் வண்டியை ஓட்டி ஏற்றுவார்கள், கட்டணம் பெரும்பாலும் கன மீட்டர் கணக்கில். ஐந்து மீட்டர் நீளம், 1.9 மீட்டர் அகலம், அதே அளவு உயரம் என்றால் சுமார் 18 கன மீட்டர். பழைய ஜிம்னி எட்டுக்குள் அடங்கும். கூரை மேல் உள்ள கேரியரையும் அளந்து காசு வாங்குவார்கள், கழற்றி உள்ளே வைக்க அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள். ரோரோவில் வண்டிக்குள் தளர்வான சாமான் வைத்தால் வந்து சேராது என்று எண்ணிக்கொள்வது நல்லது. அடிப்பாகத்தில் மண் ஒட்டியிருந்தால் கனடாவில் எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள். ஏற்றும் முன் நீராவிக் கழுவலுக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது.

வண்டி இறங்கியதும் இன்ஜின் ஆயில், இரண்டு டிஃபரன்ஷியல், டிரான்ஸ்பர் கேஸ், கியர்பாக்ஸ், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றுங்கள். டிஃபரன்ஷியல் ஆயில் பால் நிறமாக வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 70, 80 வண்டிகளின் முன் அச்சில், சக்கரம் திரும்பும் நக்கிள் முனையைச் சுற்றி கருநிறக் கஞ்சி போல ஒழுகினால் உள் சீல் போய்விட்டது, கிரீஸும் கியர் ஆயிலும் கலந்துவிட்டன என்று பொருள். ஒரு அச்சின் இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் டிஃப் லாக் சுவிட்ச் இருந்தால் தளர்ந்த மண்ணில் போட்டுப் பாருங்கள், பல வருஷம் தொடாத மோட்டார்கள் இறுகிக் கிடக்கும். கூலன்ட்டையும் மாற்றுங்கள். ஜப்பானில் 30 சதவீதக் கலவை சாதாரணம், அது சுமார் மைனஸ் 15 டிகிரி வரைதான் தாங்கும். 50 சதவீதமாக்கினால் மைனஸ் 35 வரை தாங்கும்.

ஹெட்லைட்டைக் கட்டாயம் மாற்ற வேண்டும். ஜப்பான் விளக்கின் கீழ் ஒளி இடது ஓரத்தை நோக்கி மேலே எழும்பும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் அது நேராக எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். உயரத்தைக் குறைத்து ஒப்பேற்றினால் உங்களுக்குச் சாலையே தெரியாது. இடப்பக்க ஸ்டியரிங் சந்தைக்குச் செய்த விளக்கை வாங்குங்கள். ஏழு அங்குல வட்ட விளக்கு உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது மலிவு வேலை. ரேடியோ? பழைய ஜப்பான் ரேடியோ 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். இப்போது நான் பேசுவதை அதில் கேட்பது சந்தேகம்தான்.

உதிரி பாகங்களில் இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சு எல்லாம் உலகெங்கும் கிடைக்கும். கிடைக்கச் சிரமமானவை வலப்பக்க வண்டிக்கென்றே செய்த ஸ்டியரிங் பாக்ஸ், வைப்பர் இணைப்புக் கம்பிகள், ஹீட்டர் பெட்டி, டேஷ்போர்டு, பெடல் தொகுதி. வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரு ஸ்டியரிங் பாக்ஸ் சீல் செட், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் செட், ஒரு செட் பிரேக் ஹோஸ் வாங்கி வைத்துவிட்டால், பழுதான நாளில் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஓட்டுவதில் முதல் சில நாட்கள் வண்டி நடுக்கோட்டை நோக்கி நகரும், ஏனெனில் உடம்பு தனக்குப் பழகிய இடத்தில் உட்காரப் பார்க்கும். வலது ஓரக் கோட்டைக் கவனியுங்கள், அது உங்கள் பக்கத்திலேயே போகிறது. இடது கண்ணாடியில் நடுக்கோடு தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள், மூலையில் ஒரு சிறு குவிக் கண்ணாடி ஒட்டினால் நெடுஞ்சாலையில் சேரும்போது உதவும். பிரதான சாலையில் சேரும் இடத்தில் சாய்வாகப் போய் நிற்காதீர்கள், இடப்பக்கத் தூண் பார்வையை மறைத்துவிடும். கிட்டத்தட்டச் செங்குத்தாக நின்று பார்த்துத் திரும்புங்கள். இடது திருப்பத்துக்குக் காத்திருக்கும்போது எதிரே ஒரு பெரிய வண்டியும் திரும்ப நின்றால், அதன் பின்னால் வருவது உங்களுக்குத் தெரியாது. விளக்கு மாறும் வரை பொறுக்க வேண்டியதுதான். இருவழிச் சாலையில் முந்த வேண்டுமென்றால் முன்வண்டியிலிருந்து நன்றாகப் பின்வாங்கி நில்லுங்கள். சாலை வலப்பக்கம் வளையும் இடத்தில் அதன் வலது ஓரமாக உங்களுக்கு நெடுந்தூரம் தெரியும். இடப்பக்க வளைவில் ஒன்றும் தெரியாது, அங்கே முந்த வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் "போகலாம்" என்று சொன்னாலும், முந்த உங்கள் வண்டிக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவருக்குத் தெரியுமா என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.