முக்குளிப்பான்: வாத்துக் குஞ்சு அல்ல

நேயர்களுக்கு வணக்கம். ஊர்க் கண்மாயில் புறாவைவிடச் சிறிதாக, பழுப்பாக ஒரு பறவை மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாத்துக் குஞ்சு என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களே அதிகம். அது வாத்தும் இல்லை, குஞ்சும் இல்லை. நன்றாக வளர்ந்த முக்குளிப்பான்.

அலகைப் பாருங்கள், வாத்தைப் போலத் தட்டையாக இருக்காது, சிறியது, கூரானது. வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கூடு கட்டும் பருவத்தில் கன்னமும் கழுத்தும் செம்பழுப்பாகிவிடும், அலகின் அடியில் வெளிர்மஞ்சளாக ஒரு பொட்டும் தெரியும். மரபணு ஆய்வுகளின்படி இதன் நெருங்கிய உறவு வாத்து அல்ல, கோடியக்கரைக்கு வருகிற பூநாரை! நெட்டைக்கால் பூநாரைக்கும் இந்தக் குள்ளனுக்கும் என்ன ஒற்றுமை என்று எனக்கும் வியப்புதான்.

இதன் சாமர்த்தியமெல்லாம் முங்குவதில்தான். இறகுகளை உடம்போடு இறுக்கிக்கொள்ளும். இடையில் இருந்த காற்று வெளியேறியதும் மிதப்பு குறைந்துவிடும். ஆபத்து என்று தோன்றினால் உடம்பை அப்படியே அமிழ்த்தி, தலையை மட்டும் வெளியே வைத்திருக்கும். இரை தேடும்போது சட்டென்று தலைகுப்புறப் பாயும். பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள், முங்கிய இடத்தை விட்டு வேறெங்கோ தலைதூக்கும். அலகில் ஒரு தலைப்பிரட்டையோ, நீர்ப்பூச்சியோ, பொடி மீனோ துடிக்கும். நீர்க்காகம் போல இறக்கையை விரித்து வெயில் காயும் வேலை இதற்கு இல்லை. இறகில் நீர் ஒட்டாது.

கால்கள் உடம்பின் கடைசியில் இருக்கின்றன. விரல்களுக்கு இடையே முழுச் சவ்வு கிடையாது, விரலுக்கு விரல் தனித்தனி மடல். நீரைத் தள்ளுவதற்கு அருமையான அமைப்பு. தரையில் நடப்பதற்கோ படுமோசம். அதனால் கூட்டையும் நீரிலேயே கட்டிவிடுகிறது. அழுகிய பாசியையும் தண்டுகளையும் குவித்து, கோரையில் மாட்டிவைத்த மிதக்கும் மேடை அது. குளத்தில் நீர் ஏறினால் கூடும் சேர்ந்து ஏறும்.

கூட்டை விட்டு இறங்குமுன் பறவை அவசர அவசரமாக ஈரப் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிடும். வெள்ளையாக இட்ட முட்டை நாளாக நாளாகக் கறை ஏறிப் பழுப்பாகும். மேலே வட்டமிடும் பருந்துக்குத் தெரிவதெல்லாம் ஒரு குப்பைக் குவியல்தான். குஞ்சுகள் உடம்பில் அணிலைப் போலக் கோடுகளோடு பிறக்கும். பிறந்த கையோடு அம்மா அல்லது அப்பா முதுகில் ஏறிக்கொள்ளும். சில சமயம் முதுகில் குஞ்சு இருக்கும்போதே பெரியது முங்கிவிடும். குஞ்சும் விடாமல் பற்றிக்கொண்டு கூடவே போகும்.

கோரைக்குள் ஒளிந்திருந்தால் குரலை வைத்துக் கண்டுபிடிக்கலாம். யாரோ அடக்கமாட்டாமல் சிரிப்பது போல, 'கிர்ர்ர்ர்' என்று நீண்டு நடுங்கும் ஒலி.

அப்புறம், இது பறக்குமா என்று பலர் கேட்பார்கள். பகலில் விரட்டினால் நீர்மேல் தடதடவென்று ஓடி, கொஞ்ச தூரம் போய் விழும், அவ்வளவுதான். ஆனால் கண்மாய் வற்றினால் இருட்டிய பிறகு கிளம்பி வேறு நீர்நிலைக்குப் பறந்துவிடும். நேற்றுவரை வெறிச்சோடிக் கிடந்த குளத்தில் விடிகாலையில் நாலைந்து முக்குளிப்பான்கள் முங்கிக்கொண்டிருந்தால், அவை இரவில் வந்து இறங்கியவை.