வெறும் 2.7 கிலோ மீன்! இதுக்காகவா ஒரு மசோதாவையே எதிர்த்தாங்க? பென்சில்வேனியா தூண்டில்காரங்க விவகாரம்

[திரையில்: காட்டுக்குள்ளே ஒரு சின்ன மலை ஓடை. தண்ணிச் சத்தம் மட்டும்.]

இந்த ஓடையைப் பாருங்க. அகலம் 3 மீட்டர். நாலடி பின்னாடி போய் ஓடி வந்து குதிச்சா தாண்டிடலாம். இதுல 300 மீட்டர் நீளத்துக்கு இருக்கிற அத்தனை ட்ரவுட் மீனையும் தராசுல போட்டா 2 கிலோ 700 கிராம் வருதுன்னு வெச்சுக்கோங்க. நம்ம மார்க்கெட்ல ஒரே ஒரு கட்லா அதைவிடக் கனமா இருக்கும். ஆனா அமெரிக்காவுல, பென்சில்வேனியா மாநிலத்துல, அந்த எடை தேறிட்டா இந்த ஓடை முதல் தரம். அங்கே அதுக்குப் பேரு கிளாஸ் ஏ.

2013-ல அந்த மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரு மசோதா வந்துச்சு. ஹவுஸ் பில் 1576. எந்த உயிரினம், எந்த ஓடை பட்டியல்ல ஏறணும்னு முடிவு பண்ற நடைமுறையை மாத்துற மசோதா. ஓடையை மூடலாம்னு அதுல ஒரு வரி இல்லை. மீனைக் கொல்லலாம்னும் இல்லை. ஆனாலும் தூண்டில் போடுறவங்க கொதிச்சுப் போனாங்க. படிச்சுப் பார்த்தா ஏதோ ஆபீஸ் நடைமுறை மாதிரி இருக்கிற ஒரு மசோதாவைப் பார்த்து ஏன் இவ்வளவு கோபம்? அதுதான் இன்னிக்கு மேட்டர். வணக்கம், வாங்க உள்ளே போகலாம்.

[திரையில்: பென்சில்வேனியா வரைபடம்.]

பின்னணியை ஒரே மூச்சுல சொல்லிடுறேன், தூங்கிடாதீங்க. பென்சில்வேனியாவுல ஓடையும் ஆறுமா சேர்ந்து சுமார் 86,000 மைல் ஓடுது. மீன், ஆமை, தவளை, பாம்பு எல்லாம் ஃபிஷ் அண்ட் போட் கமிஷன் பொறுப்பு. 1866-ல ஆரம்பிச்ச அமைப்பு. பறவையும் பாலூட்டியும் கேம் கமிஷன் கையில. செடி கொடிக்கு இன்னொரு துறை. எந்த உயிரினம் அழிவு அபாயத்துல இருக்கு, எந்த ஓடை காட்டு ட்ரவுட் ஓடைன்னு பட்டியல் போடுறது இவங்க வேலை. ரெண்டு கமிஷனும் முக்கியமா ஓடுறது மீன்பிடி, வேட்டை லைசென்ஸ் காசுல. முடிஞ்சது பின்னணி.

"காட்டு ட்ரவுட்"ன்னா பண்ணையில வளர்த்து லாரியில கொண்டுவந்து கொட்டாத மீன். ஓடையிலேயே முட்டையிட்டு, பொரிச்சு, வளர்ந்தது. இதுல ஒரு வேடிக்கை. அந்த மாநிலத்தோட அதிகாரபூர்வ மீன் ப்ரூக் ட்ரவுட். ஆனா அது ட்ரவுட்டே கிடையாது, சார் (char)ங்கிற வேற மீன் வகை. அங்கே நல்லா பெருகிக் கிடக்கிற ப்ரௌன் ட்ரவுட்டோ 1880-கள்ல ஐரோப்பாவுல இருந்து கப்பல்ல வந்த விருந்தாளி. வந்தேறியா இருந்தாலும் சொந்தமா குடும்பம் நடத்தினா "காட்டு" மீன்தான்! நம்ம நீலகிரி அவலாஞ்சியில 1907-ல ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் வந்ததே, அதுவும் இந்த மாதிரி வெளியூர் மீனுக்காகத்தான்.

[திரையில்: முதுகுல பெட்டி கட்டின ஒருத்தர், கையில வளையம் வெச்ச கம்பு.]

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஒரு ஓடை எப்படிப் பட்டியல்ல ஏறுது? "இங்கே மீன் இருக்கு சார்"னு யாராவது மனு போட்டா ஏறாது. தண்ணியில கரண்டு விட்டு எண்ணுவாங்க. எலக்ட்ரோஃபிஷிங்.

முதுகுப் பெட்டியில பேட்டரி. கையில இருக்கிற கம்போட நுனியில ஒரு உலோக வளையம், அது ஆனோடு. பின்னாடி தண்ணியில வால் மாதிரி இழுபடுற கம்பி, அது கேத்தோடு. ரெண்டுக்கும் நடுவுல துடிப்புத் துடிப்பா டிசி மின்சாரம். ஏன் டிசி? மீன் உடம்புல டிசி பட்டா தசை தானா இழுத்து, மீன் வளையத்தைப் பார்த்து நீந்தி வரும். ஏசி விட்டா அங்கேயே முறுக்கிக்கிட்டு நிக்கும், முதுகெலும்புக்குச் சேதம் அதிகம். டிசியிலயும் துடிப்பு வேகத்தைத் தேவைக்கு மேல ஏத்தினா அதே எலும்புக் காயம்தான். அதனால குறைவா ஆரம்பிச்சு, மீன் திரும்புற அளவுக்கு மட்டும் கூட்டணும்.

புதுசா வர்றவங்க கோட்டை விடுறது எங்கே தெரியுமா? மலை ஓடைத் தண்ணி ரொம்பச் சுத்தம். கரைஞ்ச உப்பு கம்மி. அதனால கரண்டு சரியாப் பாயாது, வோல்டேஜைக் கூட்ட வேண்டியிருக்கும். கூட்டாம நடந்துட்டு "மீனே இல்லை"ன்னு எழுதிட்டுப் போனா அந்த ஓடையோட தலையெழுத்தே மாறிடும். மழை பெஞ்ச மறுநாள் போனாலும் அதே கதை. தண்ணி கலங்கியிருக்கும், மயங்கின மீன் கண்ணுல படாமலே வலையைத் தாண்டிப் போயிடும். கடும் வெயில்ல, தண்ணி 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினப்போ பண்ணினா, ஏற்கெனவே மூச்சுத் திணறுற மீன் செத்துப் போகலாம்.

ஆளுங்களுக்கும் ஆபத்து உண்டு. ரப்பர் கையுறை, இடுப்பு வரைக்கும் ரப்பர் வேடர், அதாவது தண்ணி புகாத கால் உடை. வேடர்ல ஒரு சின்ன ஓட்டை இருந்தா போதும், "யாரோ கிள்ளுறாங்க"ன்னு துள்ளுவாங்க. கம்புல இருக்கிற ஸ்விட்ச்சை விரலால அழுத்திக்கிட்டே இருந்தாத்தான் கரண்டு வரும், விட்டா நின்னுடும். தடுக்கி விழுந்தா பெட்டி சாயுறதை உணர்ந்து தானா அணையும்.

சரி, ஒரு தடவை நடந்து பிடிச்சா எல்லா மீனும் வந்துடுமா? வராது. வேருக்கடியில, பாறை இடுக்குல பதுங்கினது தப்பிச்சிடும். அதனால அளக்கிற பகுதியோட ரெண்டு முனையிலயும் குறுக்கு வலை கட்டி, அதே இடத்துல மறுபடி நடப்பாங்க. முதல் சுற்றுல 40 மீன், அதை வாளியில தனியா வெச்சாச்சு. ரெண்டாவது சுற்றுல 12. இப்போ மொத்தம் எத்தனை?

[திரையில்: 40 × 40 ÷ (40 − 12)]

40-ஐ 40-ஆல பெருக்கினா 1,600. 40-ல 12 போனா 28. 1,600-ஐ 28-ஆல வகுத்தா 57. பிடிபட்டது 52, இருக்கிறது ஏறத்தாழ 57. பார்க்காத 5 மீனைக் காகிதத்துலயே பிடிச்சாச்சு! இந்தக் கணக்குக்காகவே லைக் போடலாம், நான் தப்பா நினைக்க மாட்டேன். ஒரு எச்சரிக்கை: ரெண்டாவது சுற்றுலயும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை வந்தா கணக்கு கவிழ்ந்துடும். 40-க்கு அப்புறம் 38 வந்தா விடை 800. அப்போ மூணாவது சுற்று நடந்தே ஆகணும்.

அடுத்தது எடை. ஹெக்டேருக்கு ப்ரூக் ட்ரவுட் 30 கிலோ இருந்தா கிளாஸ் ஏ. ப்ரௌன் ட்ரவுட்னா 40 கிலோ. நம்ம ஓடை 300 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர், 0.09 ஹெக்டேர். 30-ஆல பெருக்குங்க. வந்துச்சா 2.7 கிலோ? 15 சென்டிமீட்டர் மீன் ஒண்ணு சுமாரா 34 கிராம். அப்போ எண்பது மீன். இன்னொரு நிபந்தனை எனக்கு ரொம்ப அழகாத் தெரியும்: 15 சென்டிமீட்டருக்குக் குறைஞ்ச பொடிசுங்க ஹெக்டேருக்கு 0.1 கிலோவாவது இருக்கணும். நம்ம ஓடைக்கு 9 கிராம். விரல் நீளத்துல ஒரே ஒரு மீன்! அந்தப் பொடிசுதான் சாட்சி. இங்கே முட்டை பொரியுது, யாரும் லாரியில கொண்டுவந்து கொட்டலைன்னு அதுதான் சொல்லுது.

எடை தேறாத ஓடைக்கும் இடம் உண்டு. இனப்பெருக்கம் நடக்குதுன்னு ஆதாரம் இருந்தா, காட்டு ட்ரவுட் ஓடைங்கிற பெரிய பட்டியல்ல சேரும். யாருமே அளக்காத ஓடைகள் ஆயிரக்கணக்குல இருந்ததால, கல்லூரிகளையும் கூட்டாளிகளையும் சேர்த்துக்கிட்டு 2010-ல கமிஷன் ஒரு பெரிய அளவெடுப்பையே தொடங்குச்சு. அளந்து முடிச்சதும் பென்சில்வேனியா புல்லட்டின்ங்கிற அரசிதழ்ல அறிவிப்பு, பொதுமக்கள் கருத்து, அப்புறம் கமிஷனர்கள் ஓட்டு. ஏறியாச்சு.

[திரையில்: ஓடைக்கரைச் சதுப்பு. அதுக்கு மேல சிவப்புக் கோடு.]

ஏறினா என்ன கிடைக்கும்? எல்லாரும் "மீன் பிடிக்கத் தடை வரும்"னு நினைப்பாங்க. இல்லை. ஓடைக்கு ரெண்டு பக்கமும் வெள்ளம் பரவுற நிலத்துல இருக்கிற சதுப்பு முழுக்க ஒரே நாள்ல உயர்மதிப்புச் சதுப்பா மாறிடும். அதுக்குள்ளே கட்டணும்னா, தண்ணி பக்கத்துல இருந்தே தீரவேண்டிய திட்டமா இருக்கணும், வேற வழி இல்லைன்னு நிரூபிக்கணும், சதுப்புக்குக் கெடுதல் வரக்கூடாது. கார் பார்க்கிங் தண்ணியில நிக்க வேண்டிய அவசியம் இல்லையே? அவ்வளவுதான், ஆட்டம் க்ளோஸ்.

கூடவே ஒரு நாள்காட்டிக் கட்டுப்பாடு. அக்டோபர் 1-லிருந்து டிசம்பர் 31 வரைக்கும் ஓடைக்குள்ளே தோண்டுற வேலை கூடாது. ப்ரூக்கும் ப்ரௌனும் முட்டையிடுறது இலையுதிர் காலத்துல. பெண் மீன் வாலால சரளையைத் தள்ளிக் குழி பறிச்சு, முட்டையிட்டு மூடும். சரளை இடுக்குல தண்ணி ஓடினாத்தான் முட்டைக்கு ஆக்சிஜன். மேல்பக்கம் ஒரு பொக்லைன் இறங்கினா கிளம்புற வண்டல், மாவு மாதிரி அந்த இடுக்கை அடைச்சிடும். பார்க்கிறவங்க கண்ணுக்குத் தண்ணி மறுநாளே தெளிஞ்சிடும். அடியில முட்டை செத்திருக்கும்.

இப்போ மசோதாவுக்கு வருவோம். கொண்டுவந்தவர் ஆர்ம்ஸ்ட்ராங் கவுண்டியைச் சேர்ந்த பிரதிநிதி ஜெஃப் பைல். சாரம் இதுதான்: ஒரு உயிரினத்தை அபாயப் பட்டியல்ல சேர்க்கணுமா, ஒரு ஓடையைக் காட்டு ட்ரவுட் ஓடைன்னு அறிவிக்கணுமா, கமிஷன் மட்டும் முடிவு பண்ணக்கூடாது. ஐ.ஆர்.ஆர்.சி.ங்கிற ஒழுங்குமுறை மறுஆய்வுக் குழு வழியா, சட்டமன்றக் குழுக்கள் வழியா போய் வரணும். அந்த மறுஆய்வுக் குழுவுல 5 பேர். நாலு பேரைச் சட்டமன்றத்தின் ரெண்டு அவைத் தலைமைகளும் நியமிக்கும், ஒருத்தரை ஆளுநர். மீனோட முள்ளை எண்ணத் தெரியணும்னு தகுதி எதுவும் கிடையாது.

ஆதரிச்சவங்க தரப்பையும் சொல்லணும். மார்செல்லஸ் ஷேல்ங்கிற பூமிக்கடிப் பாறை அடுக்குல இருந்து எரிவாயுவை வேகமாத் தோண்டின காலம் அது. நிலக்கரி, எரிவாயு, கட்டுமானத் துறைக்காரங்க, "திட்டத்துக்குக் காசு போட்ட பிறகு திடீர்னு ஒரு உயிரினம் இருக்குன்னு சொல்றீங்க, மத்த துறை விதிகளுக்கு இருக்கிற மறுஆய்வு உங்களுக்கு மட்டும் ஏன் இல்லை"ன்னு கேட்டாங்க. முன்னாடியே தகவல் கிடைக்கணும்ங்கிறது நியாயம்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா அதுக்கு அவங்க கேட்ட மருந்து வேற. உயிரினங்கள் இருக்கிற இடத் தகவலை ஒரே தரவுத்தளத்துல போட்டு, அனுமதி கேட்கிறவங்க பார்க்கிற மாதிரி வைக்கணுமாம். உள்ளங்கையில அடங்குற பாக் ஆமையைத் திருடி விக்கிற கூட்டம் ஏற்கெனவே இருக்கு. அவங்களுக்கு இதைவிட நல்ல வரைபடம் கிடைக்குமா?

தூண்டில்காரங்க பிடிச்ச புள்ளி தாமதம். ட்ரவுட் அன்லிமிடெட்ங்கிற மீன் பாதுகாப்பு அமைப்பு ஆளுங்க, ஃபிஷ் அண்ட் போட் கமிஷனோட அப்போதைய செயல் இயக்குநர் ஜான் ஆர்வே எல்லாரும் வெளிப்படையா எதிர்த்தாங்க. பட்டியல் வரிசையில காத்துக்கிட்டு இருக்கிற நாள் முழுக்க அந்த ஓடை வெறும் ஓடை, அதன் சதுப்பு வெறும் சதுப்பு. அந்த இடைவெளியில வர்ற கட்டட விண்ணப்பத்துக்குப் பழைய, தளர்ந்த விதிதான். பட்டியலை ரத்து பண்ண வேண்டாம், மேஜையில கிடக்க விட்டாலே போதும்.

இன்னொரு அடி மத்திய அரசுப் பக்கத்துல இருந்து. 1950-ல வந்த டிங்கெல்-ஜான்சன் சட்டப்படி தூண்டில் சாமான் மேல தயாரிப்பாளர் விலையில 10 சதவீத வரி. தூண்டில் கம்புக்கு இந்த வரி அதிகபட்சம் 10 டாலர். அந்தக் காசு மாநிலங்களுக்குத் திரும்பும், 60 சதவீதம் லைசென்ஸ் வாங்கினவங்க எண்ணிக்கைப்படி, 40 சதவீதம் பரப்பளவுப்படி. நிபந்தனை: லைசென்ஸ் காசு மேல இருக்கிற பிடி மாநில மீன்துறை கையிலேயே இருக்கணும். இந்த மசோதாவால அந்த நிதிக்கே சிக்கல் வரலாம்னு மத்திய மீன், வனவிலங்குத் துறை எச்சரிச்சுது. பறவை பார்க்கிறவங்க அழுதா அசையாத ஆளுங்ககூட இதுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாங்க!

[திரையில்: ஒரு கடிதத் தாள்.]

இந்த மாதிரி மசோதாவை எதிர்த்து எழுதணும்னா எப்படி? அச்சடிச்ச ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்பினா அலுவலகத்துல அது ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். முதல் வரியில மசோதா எண். ரெண்டாவது வரியில நீங்க அந்தத் தொகுதி வாக்காளர்னு முகவரி. அப்புறம் உங்க ஓடையோட பேரு, எந்தப் பாலத்துல இருந்து எந்தப் பாலம் வரைக்கும், பட்டியல்ல இருக்கா காத்திருக்கா. மசோதாவுல எந்தப் பிரிவு அதைத் தொடுது. ஒரு பக்கத்துக்கு மேல போகாதீங்க. முக்கியமா, குழு நிலையிலயே அனுப்புங்க. பென்சில்வேனியாவுல ஒவ்வொரு அவையிலயும் மூணு தனித்தனி நாள் பரிசீலிக்கணும்னு அரசியலமைப்பு சொல்லுது, அதனால கொஞ்சம் அவகாசம் இருக்கும். ஆனா 203 பேர் இருக்கிற கீழவைக்கு வந்துட்டா ஒவ்வொருத்தரையும் துரத்திப் பிடிக்க முடியாது.

கடைசியில என்ன ஆச்சு? 2013 நவம்பர்ல திருத்தங்களோட கீழவைக் குழுவைத் தாண்டுச்சு. அதோட சரி, சட்டமாகவே இல்லை. அங்கே ரெண்டு வருஷ அமர்வு முடியும்போது நிறைவேறாத மசோதா எல்லாம் செல்லாம போயிடும். 2014 நவம்பர் 30-ஓட 1576-க்கும் ஆயுசு முடிஞ்சுது. வேற எண்ணுல திரும்ப வரலாமான்னா, தாராளமா வரலாம்.

கமென்ட்ல ஒரு கேள்வி: அகலம் 4 மீட்டர், நீளம் 250 மீட்டர், முதல் சுற்று 60 மீன், ரெண்டாவது சுற்று 15, எல்லாமே சராசரி 34 கிராம் ப்ரூக் ட்ரவுட். இந்த ஓடை கிளாஸ் ஏ-வா, இல்லையா? கணக்கோட போடுங்க. சும்மா "ஆமா"ன்னு மட்டும் போட்டா பின் பண்ண மாட்டேன்.