குரூப் பி ராலியை முடித்துவைத்தது வேகம் மட்டும்தானா?

[திரையில்: எஸ்டோரில் பந்தயத் தடத்தின் வரைபடம்]

ராலி ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தக் கதை வராமல் இருக்காது. 1986-ல் பின்லாந்து ராலி ஓட்டுநர் ஹென்றி டோய்வோனன், குரூப் பி பிரிவைச் சேர்ந்த தன் லான்சியா டெல்டா எஸ்4 காரைப் போர்ச்சுகலின் எஸ்டோரில் தடத்தில் ஓட்டிப் பார்த்தாராம். அந்த நேரத்தை அந்த ஆண்டு ஃபார்முலா 1 தகுதிச்சுற்றோடு ஒப்பிட்டால் ஆறாவது இடம் கிடைத்திருக்குமாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. அதிகாரப்பூர்வமாக நேரம் குறித்த ஆவணம் எதையும் இதுவரை யாரும் காட்டியதில்லை. அந்த ஆண்டு அங்கே முதலிடத்திலிருந்து கிளம்பியவர் அயர்டன் செனா. தகுதிச்சுற்றில் அந்தக் காலத்து டர்போ ஃபார்முலா கார்கள் ஆயிரம் குதிரைத்திறனைத் தொட்டன. எஸ்4 அதில் பாதி. அகலமான டயரும் கிடையாது, காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கைகளும் அந்த அளவுக்குக் கிடையாது.

ஆனாலும் கதை 40 வருடமாக உயிரோடு இருக்கிறது. ஏனென்றால் அதற்குள் ஒரு வாதம் இருக்கிறது: குரூப் பி கார்களுக்கு மனிதன் தாங்க முடியாத வேகம், அதனால் உயிர்கள் போயின, அதனால் தடை வந்தது. இது பாதி சரி. மீதிப் பாதியைப் பார்க்கலாம்.

[திரையில்: 1982 – குரூப் பி விதிகள்]

1982-ல் சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான ஃபீசா கொண்டுவந்த விதி இது. முன்பிருந்த குரூப் 4 பிரிவில் ஒரு காரைப் பந்தயத்தில் இறக்க 400 கார்கள் தயாரித்திருக்க வேண்டும். குரூப் பி-யில் 200 போதும். அதை மேம்படுத்திய வடிவத்தை இறக்க வேண்டுமானால் இன்னும் 20 கார்கள், அவ்வளவுதான். அதாவது கடையில் விற்கும் காரைப் பந்தயக் காராக மாற்ற வேண்டியதில்லை. பந்தயக் காரை முதலில் செய்துவிட்டு, பேருக்கு 200 காரை விற்றால் சரி. இந்த 200-ஐ எண்ணிக் காட்டுவதிலும் தில்லுமுல்லு நடந்ததாக லான்சியா பற்றி ஒரு கதை உண்டு. ஒரு மைதானத்தில் பாதிக் கார்களைக் காட்டிவிட்டு, அதிகாரிகளை மதியச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்துவிட்டு, அதே கார்களை இன்னொரு மைதானத்தில் நிறுத்திவிட்டார்களாம். உண்மையோ இல்லையோ, இத்தாலிய ரசிகர்கள் இதைப் பெருமையாகத்தான் சொல்கிறார்கள்.

எடை விதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்துக் குறைந்தபட்ச எடை மாறும். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ இருந்தால் கொள்ளளவை 1.4-ஆல் பெருக்க வேண்டும். டெல்டா எஸ்4-இன் எஞ்சின் 1759 சிசி. பெருக்கினால் சுமார் 2463. பிஜோ 205 டி16-இன் எஞ்சின் 1775 சிசி. பெருக்கினால் 2485. இரண்டுமே 2500-க்குச் சற்றுக் கீழே வந்து நிற்கின்றன. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் கார் 890 கிலோ இருந்தால் போதும். பொறியாளர்கள் முதலில் விதிப்புத்தகத்தைத் திறந்து கணக்குப் போட்டுவிட்டு, பிறகுதான் எஞ்சின் வரைந்தார்கள். எஸ்4-இல் ஏறக்குறைய 480 குதிரைத்திறன். கீழ்வேகத்தில் சூப்பர்சார்ஜர், மேலே போனதும் டர்போ என்று இரண்டும் ஒன்றாக இருந்ததால், ஆக்சிலரேட்டரை மிதித்த நொடியில் இழுக்கும். எடையை எங்கே குறைத்தார்கள்? குழாய்ச் சட்டகத்தின் மேல் கெவ்லார் என்ற பலமான இழை கலந்த மெல்லிய உடல். எரிபொருள் தொட்டி இருக்கைகளுக்கு அடியில். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: ஆடி குவாட்ரோ, சான்ரெமோ 1981]

அப்புறம் கம்பெனிகளின் சண்டை. நாலு சக்கர இயக்கத்தோடு 1981-ல் உலக ராலிக்கு வந்த ஆடி குவாட்ரோ மற்ற எல்லாக் காரையும் பழசாக்கிவிட்டது. அதே ஆண்டு சான்ரெமோ ராலியில் அதை ஓட்டி மிஷேல் மூட்டோன் வென்றார். உலக ராலிப் போட்டி ஒன்றில் ஒரு பெண் வென்றது அதுதான் முதல் தடவை. அவர் பெயர் பின்னால் இன்னொரு காரணத்துக்காக வரும். 1983-ல் லான்சியா 037 பின்சக்கர இயக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆடியிடமிருந்து தயாரிப்பாளர் பட்டத்தைப் பறித்தது. இரு சக்கர இயக்கக் கார் ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே கடைசி. 1984 ஆடிக்கு, 1985-ம் 1986-ம் பிஜோவுக்கு. ஃபோர்டு ஆர்எஸ்200-ஐக் கொண்டுவந்தது, ஆஸ்டின் ரோவர் மெட்ரோ 6ஆர்4-ஐ. சிட்ரோயனும் பிஎக்ஸ் 4டிசி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் சிட்ரோயன் ரசிகர்களுக்கு மரியாதை.

[திரையில்: சின்ட்ரா மலைப்பாதை, 5 மார்ச் 1986]

போர்ச்சுகல் ராலி. சின்ட்ரா அருகே லகோவா அசுல் ஸ்டேஜ், அதாவது நேரம் குறித்து ஓட்டும் சாலைப் பகுதி. அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தால் சாலையே தெரியாது, தலைகள்தான் தெரியும். கார் நெருங்கும்போது கூட்டம் பிளந்து வழிவிடும், போனதும் மூடிக்கொள்ளும். ஓடும் காரைத் தொட்டுப் பார்ப்பதை வீரமாக நினைத்தவர்கள் உண்டு. உள்ளூர் ஓட்டுநர் ஜோக்கிம் சான்டோஸின் ஆர்எஸ்200 கட்டுப்பாட்டை இழந்து கூட்டத்துக்குள் பாய்ந்தது. மூன்று பேர் செத்தார்கள், 30-க்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். சாலையில் நின்றவர்களைத் தவிர்க்கப் போய்த்தான் கார் கைமீறியது என்றார் சான்டோஸ். கம்பெனி அணிகளின் முன்னணி ஓட்டுநர்கள் அன்றே ஒன்றாகச் சேர்ந்து போட்டியிலிருந்து விலகினார்கள். ஆடி குரூப் பி-யை விட்டே போய்விட்டது.

இந்த விபத்தை குதிரைத்திறன் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமா? 200 குதிரைத்திறன் கார் அந்தக் கூட்டத்துக்குள் போயிருந்தாலும் ஆட்கள் செத்திருப்பார்கள். பார்வையாளர்களைச் சாலையோரத்தில் விட்டது போட்டி நடத்தியவர்கள். ஸ்டேஜைத் தொடங்க அனுமதித்ததும் அவர்கள்தான்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1986 மே 2, கோர்சிகா. பத்தாயிரம் வளைவுகளின் ராலி என்று பெயர் எடுத்த தீவு அது. முந்தைய ஆண்டு இதே தேதியில், இதே ராலியில் அட்டிலியோ பெட்டேகாவின் லான்சியா 037 மரத்தில் மோதி அவர் இறந்திருந்தார். டோய்வோனன் முன்னணியில் இருந்தார். உடம்பு சரியில்லை, மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். இந்தச் சாலைக்கு இந்தக் கார் அதிகம் என்று வெளிப்படையாகவே சொல்லியும் இருந்தார். கோர்ட்டே – டவெர்னா ஸ்டேஜில், தடுப்புச் சுவர் இல்லாத ஓர் இடப்பக்க வளைவில் கார் சாலையை விட்டுப் பள்ளத்தில் விழுந்தது. இருக்கைக்கு அடியில் இருந்த தொட்டி கிழிந்து தீப்பிடித்தது. அது தார்ச்சாலை ராலி என்பதால் அடிப்பாகத்துக்குப் பாதுகாப்புத் தகடும் போடவில்லை. 29 வயது டோய்வோனனும், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் அங்கேயே இறந்தார்கள். மிஞ்சியது கருகிய குழாய்ச் சட்டகம் மட்டும். கார் ஏன் அந்த வளைவில் திரும்பவில்லை என்பது இன்றுவரை தெரியாது. பார்த்தவர் யாரும் இல்லை.

பெட்டேகா, டோய்வோனன் இருவர் காரிலும் எண் 4 என்று சொல்லி விதி, சாபம் என்று இழுக்கும் வீடியோக்கள் நிறைய உண்டு. அந்தப் பக்கம் நான் போகவில்லை.

[திரையில்: ஃபீசா தலைவர் பாலெஸ்டரின் அறிவிப்பு]

ஃபீசா தலைவர் ஜான்-மரி பாலெஸ்டர் உடனே அறிவித்துவிட்டார்: 1987 முதல் குரூப் பி கிடையாது. அடுத்து வருவதாக இருந்த குரூப் எஸ்-ஸும் கிடையாது. கோடிகளைக் கொட்டி வைத்திருந்த கம்பெனிகளுக்கு இது பேரிடி. பிஜோ அணியின் தலைவர் ஜான் டோட் சண்டைக்குப் போனார், விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. அதே டோட் பின்னாளில் 2009 முதல் 2021 வரை சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான ஃபியாவின் தலைவராக இருந்து சாலைப் பாதுகாப்பு பற்றி உலகம் முழுக்கப் பேசினார்.

தடை தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கார்களை அந்த நிலையில் தொடர்ந்து ஓடவிட்டிருக்க முடியாது. ஆனால் வேகம் குறைந்ததால் ராலி பாதுகாப்பானது என்ற கணக்கு உதைக்கிறது. அடுத்து வந்த குரூப் ஏ கார்களுக்குத் திறன் குறைவு. இருந்தும் டயர், சஸ்பென்ஷன், டிஃபரென்ஷியல் எல்லாம் தேறியதில் சில வருடங்களிலேயே பல ஸ்டேஜ்களில் பழைய நேரங்களை எட்டிப் பிடித்துவிட்டன. 2022-ல் மேல்வகுப்புக்கு வந்த ராலி1 கார்கள், ஹைப்ரிட் மின்மோட்டாரும் சேர்ந்து உந்தும்போது 500 குதிரைத்திறனைத் தாண்டின. அந்த ஆண்டு மான்டே கார்லோவில் அட்ரியன் ஃபோர்மோவின் ஃபோர்டு பூமா மலைச்சரிவில் உருண்டு விழுந்தது. அவரும் கோ-டிரைவரும் எழுந்து நடந்து வந்தார்கள். 2020-ல் அதே ராலியில் ஓட் டனாக்கின் ஹூண்டாய் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வேகத்தில் சாலையை விட்டுப் பறந்து மரங்களுக்குள் விழுந்தது. அவர்களும் பிழைத்தார்கள்.

மாறியது ஓட்டுநரைச் சுற்றியுள்ள கூடு. அதுவும் ஒரே நாளில் வந்ததில்லை, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் யாராவது போயிருக்கிறார்கள். 2005 வேல்ஸ் ராலியில் கோ-டிரைவர் மைக்கேல் பார்க், தான் உட்கார்ந்திருந்த பக்கம் மரத்தில் மோதியதால் இறந்தார். அன்று பட்டத்தை உறுதி செய்திருக்கக்கூடிய செபாஸ்டியன் லோப், அப்படி ஒரு நாளில் பட்டம் வேண்டாமென்று வேண்டுமென்றே நேரத் தண்டனை வாங்கிக்கொண்டார். அதன்பிறகு பக்கவாட்டு மோதலுக்கான பாதுகாப்பில் கவனம் கூடியது. கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே அதிர்ச்சியை வாங்கும் தடிமனான நுரை இன்று வழக்கம்.

சரி, கூட்டம்? ராலியின் பாதுகாப்புப் பொறுப்பாளராகப் பல வருடம் இருந்தவர் அதே மிஷேல் மூட்டோன். போட்டிக் கார்களுக்கு முன்னால் ஸ்டேஜில் போய், தப்பான இடத்தில் நிற்பவர்களைக் காரிலிருந்து இறங்கித் திட்டித் துரத்துவார். அடங்காவிட்டால் ஸ்டேஜையே ரத்து செய்யச் சொல்வார். குரூப் பி குவாட்ரோவைக் கூட்டத்துக்கு நடுவே ஓட்டியவர் ஆயிற்றே. அப்படியும் 2017 மான்டே கார்லோவில் ஒரு பார்வையாளர் இறந்தார்.

[திரையில்: இன்றைய அணிகளின் சின்னங்கள்]

கம்பெனிகள் விஷயத்தில் குரூப் பி ரசிகர்களோடு எனக்கு ஒத்துவராது. ஆறு கம்பெனிகள் மோதின, அதுதான் பொற்காலம் என்பார்கள். அந்தக் கார்களில் சாதாரண ஆள் வாங்கக்கூடியது எது? கட்டாயம் ஆயிரக்கணக்கில் விற்க வேண்டும் என்ற குரூப் ஏ விதிதான் லான்சியா இன்டெக்ராலே, சுபாரு இம்ப்ரெஸா, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் போன்றவற்றைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அந்த லான்சரின் சாதுவான உறவுக்கார வண்டி நம் திருவள்ளூர் ஆலையில் தயாரானது, இந்திய ராலிகளிலும் ஓடியது.

2022 முதல் மேல்வகுப்பில் டொயோட்டா, ஹூண்டாய், ஃபோர்டு காரை இறக்கும் எம்-ஸ்போர்ட் என்று மூன்றே அணிகள். 2025-ல் ஹைப்ரிட்டையும் கழற்றிவிட்டார்கள். 2027-க்கான விதியில் ஒரு காரின் விலைக்கு 3,45,000 யூரோ என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். பெரிய கம்பெனி அல்லாத சிறு தயாரிப்பாளர்களும் கார் கட்டி வரலாம். எண்ணிக்கை கூட இது உதவலாம். ஆனால் காசு குறைக்கும்போது கத்தரி எங்கே விழுகிறது என்று நான் கவனிப்பேன். 2023 ஏப்ரலில் குரோஷியாவில் சோதனை ஓட்டத்தில் கிரெய்க் ப்ரீன் இறந்தது அதிவேக மோதலால் இல்லை. வேலிக்கம்பு ஒன்று பக்கவாட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. அது நடந்தது ராலி1 காரில், இதுவரை கட்டியதிலேயே பலமான கூட்டுக்குள். அந்த ஜன்னலுக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்பதுதான் புதிய விதிகளிடம் என் முதல் கேள்வி. குதிரைத்திறனைப் பற்றி அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.